காற்றை அளக்கச் சென்றவர்

நுழையும்முன்

2019ஆம் ஆண்டு அக்டோபரில் போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானிய ஆய்வுக்கப்பல் வடமுனைக் கடலின் உறைபனிக்குள் தானே சென்று சிக்கிக்கொண்டது. அடுத்த ஓராண்டுக் காலத்தின் பெரும்பகுதியும் பனி நகர்ந்த திசையிலேயே அதுவும் மிதந்து சென்றது. ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அக்கப்பலிலிருந்து பலூன்கள் விண்ணில் ஏறின. கயிற்றில் பிணைத்த பெரிய பலூன் ஒன்று பனித்தளத்திலிருந்து மேகத்திற்குள் ஏறி இறங்கியது. ஆளில்லாச் சிறு வானூர்திகள் பனிக்கு மேலுள்ள காற்றை அடுக்கடுக்காக அளந்து திரும்பின. அப்பயணத்தை முன்னின்று நடத்திய நிறுவனம் ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் நகரில் உள்ளது. நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கும் முன்னர் இதே பணியைப் பட்டத்தையும் பலூனையும் கொண்டு செய்த ஒருவரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று கூறியவராகப் புவியியல் பாடம் அறிமுகப்படுத்தும் ஆல்ஃபிரெட் வெக்னரே அவர். ஆனால் அவர் வாழ்ந்ததும் மாண்டதும் காற்றை அளக்கும் பணியில்தான்.

விண்மீன்களிலிருந்து காற்றுக்கு

வெக்னர் 1880ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு வெக்னர் சமயப்பணியாளர். பண்டைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியரும்கூட. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி ஆல்ஃபிரெட். இயற்பியல், வானியல், வானிலையியல் ஆகியவற்றைப் பயின்ற அவர், இடைக்காலத்துக் கோள் அட்டவணைகளை ஆராய்ந்து இருபத்து நான்காம் அகவையில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கைக்கு வந்தபோதே அத்துறை தமக்கு ஏற்றதன்று என்னும் முடிவுக்கும் வந்திருந்தார். வானியலார் தொலைநோக்கி இருக்கும் இடத்தைவிட்டு நகர முடியாது. வெக்னருக்கோ நடக்க வேண்டும், மலையேற வேண்டும், பனியில் சறுக்க வேண்டும். இவை அனைத்திற்கும் இடமளிக்கும் அறிவியல் அப்போது ஒன்றே இருந்தது. அது வளிமண்டல ஆய்வு.

1905இல் பெர்லினுக்கு அருகிலுள்ள லிண்டன்பெர்க் வான்வெளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அண்ணன் கூர்ட் அங்கு முன்பே பணியாற்றி வந்தார். தரையில் நின்றபடி வெப்பமானியைப் பார்ப்பதால் வானிலையின் அடித்தட்டு மட்டுமே தெரியும்; மழையும் புயலும் உருவாவது அதற்கு மேலே. அந்த மேற்காற்றைத் தொட இரண்டு வழிகளே இருந்தன. காற்று வீசும் நாளில் பெட்டி வடிவப் பட்டங்களை உருக்குக் கம்பியில் கட்டி ஏற்றுவார்கள். காற்றில்லா நாளில் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை அதே கம்பியில் கட்டி விடுவார்கள். பட்டத்தோடோ பலூனோடோ ஒரு பதிகருவி மேலே செல்லும். கடிகார விசையால் சுழலும் உருளையின்மீது அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைக் கோடுகளாகக் கீறிக்கொண்டே அது ஏறி இறங்கும். கருவி கீழே வந்த பின்னரே கோடுகளைப் படிக்க முடியும். கம்பி அறுந்தால் கருவி போயிற்று; அன்றைய உழைப்பும் போயிற்று.

வானில் ஐம்பத்திரண்டரை மணி

1906 ஏப்ரல் 5ஆம் நாள் வெக்னர் உடன்பிறந்தார் இருவரும் பெர்லினிலிருந்து பலூனில் ஏறினர். தொடுவானம் கண்ணுக்குப் புலப்படாத உயரத்தில், கதிரவனையும் விண்மீன்களையும் கருவிகொண்டு நோக்கித் தாம் இருக்கும் இடத்தைக் கணிக்க இயலுமா என்று சோதிப்பதே அப்பயணத்தின் நோக்கம். காற்று அவர்களை வடக்கே டென்மார்க் வரை கொண்டு சென்று, பின் திசை மாறித் தெற்கே ஜெர்மனியின் நடுப்பகுதி வரை இழுத்து வந்தது. போதிய உணவும் குளிராடையும் இல்லை. நடுங்கிக்கொண்டே அளவுகளைக் குறித்தனர். இறங்கியபோது ஐம்பத்திரண்டரை மணி நேரம் கழிந்திருந்தது. அதற்கு முன் எவரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து வானில் இருந்ததில்லை. செய்தித்தாள்கள் சாதனையைக் கொண்டாடின. அண்ணன் தம்பி இருவரும் மதித்தது குறிப்பேட்டிலிருந்த எண்களை.

அச்சாதனை வேறொரு கதவைத் திறந்தது. கிரீன்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையை வரைபடமாக்க டென்மார்க்கிலிருந்து லுட்விக் மிலியுஸ்–எரிக்சென் தலைமையில் ஒரு குழு புறப்பட இருந்தது. அதில் வானிலையாளராக வெக்னர் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. புறப்படுமுன், பட்டங்களால் மேற்காற்றை அளப்பதில் முன்னோடியாக ஹாம்பர்க்கில் விளங்கிய விளாடிமிர் கோப்பனிடம் அறிவுரை கேட்டார். உலகத் தட்பவெப்ப வகைப்பாட்டுக்காக இன்றும் பாடநூல்களில் பேசப்படும் அதே கோப்பன்தான் அவர்.

டான்மார்க்ஸ்ஹாவனில் பட்டங்கள்

வடக்கு அகலக்கோடு 77 பாகையை ஒட்டிய டான்மார்க்ஸ்ஹாவன் என்னும் துறையில் குழு தங்கியது. அங்கு வெக்னர் அமைத்ததே கிரீன்லாந்தின் அப்பகுதியில் எழுந்த முதல் வானிலை நிலையம். 1906 முதல் 1908 வரை இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தார். குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்குக் கதிரவன் எழுவதில்லை.

ஐரோப்பாவில் வழக்கமாகிவிட்ட பட்டமேற்றும் வேலை இங்கு ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டமாக இருந்தது. உருக்குக் கம்பியைச் சுற்றி வைத்த உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். கையுறையோடு முடிச்சுப் போட இயலாது. கையுறையைக் கழற்றினால் உலோகம் தோலைப் பற்றிக்கொள்ளும். கம்பியில் உறைபனி படிந்தால் அதன் எடை கூடிப் பட்டம் தாழ்ந்துவிடும். கருவியின் கடிகாரத்திற்கு இட்ட எண்ணெய் கடுங்குளிரில் இறுகினால் உருளை சுழலாது. இத்தனைக்கும் நடுவே, இருளிலும் பகலிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட முறை பட்டங்களையும் கயிற்றுப் பலூன்களையும் அவர் ஏற்றி இறக்கினார். வடமுனைப் பகுதிக் காற்றை உயரவாட்டில் இவ்வளவு தொடர்ச்சியாக அதற்கு முன் எவரும் அளந்ததில்லை.

அக்கோடுகள் காட்டியது என்ன? பொதுவாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. மலை வாழிடங்கள் குளுமையாக இருப்பது இதனால்தான். முனைப்பகுதியின் குளிர்காலத்தில் இவ்வொழுங்கு பல நாள் தலைகீழாகிறது. கதிரவன் இல்லாத வானத்தை நோக்கிப் பனித்தளம் தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்ததாகவும் அதற்கு மேலுள்ள அடுக்கு வெப்பம் மிகுந்ததாகவும் அமைகின்றன. கனத்த குளிர்காற்று கீழே தங்க, இலேசான காற்று மூடிபோல் அதன்மேல் படுத்துக்கொள்கிறது. வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் எனப்படும் இந்நிலை குலையும்வரை கீழ்க்காற்றும் மேற்காற்றும் கலப்பதில்லை. தரையில் வைத்த வெப்பமானி ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் இம்மூடி இருப்பதே தெரிந்திருக்காது. அடுக்குகளின் எல்லையில் ஒளி வளைவதால் தொலைவிலுள்ள மலைகளும் பனிப்பாறைகளும் உயர்ந்தும் தலைகீழாகவும் தோன்றின. அக்கானல் தோற்றங்களையும் வெக்னர் படம்பிடித்து, பட்டம் தந்த அளவுகளோடு ஒப்பிட்டார்.

அளவுகளுக்கு ஒரு விலையும் இருந்தது. அதை அவர் அங்கேயே கண்டார். 1907 வசந்தத்தில் நாய்கள் பூட்டிய சறுக்குவண்டிகளில் வடக்கே சென்ற மிலியுஸ்–எரிக்சென், வரைபடக்காரர் ஹேகன், கிரீன்லாந்தைச் சேர்ந்த யோர்கன் புரோன்லுண்டு ஆகிய மூவரும் திரும்பவில்லை. 1908இல் தேடிச் சென்றவர்கள், உணவு சேமித்து வைத்த ஓரிடத்தில் புரோன்லுண்டின் உடலைக் கண்டனர். தோழர் இருவரும் மாண்டபின், உறைந்த கால்களோடு தனியே அவ்விடம் வரை அவர் வந்திருந்தார். அவர் அருகில் ஒரு புட்டி இருந்தது. ஹேகன் வரைந்த நிலப்பட ஓவியங்கள் அதற்குள் பத்திரமாக இருந்தன. வழியறிந்த அந்தக் கிரீன்லாந்து மனிதர் கொண்டுவந்து சேர்த்திராவிட்டால் அந்நிலப்படம் உலகுக்குக் கிடைத்திராது.

மேகத்திற்குள் ஒரு புதிர்

ஊர் திரும்பிய வெக்னர் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். கடினமான கணக்கையும் எளிமையாக விளக்குவதில் தேர்ந்தவர் என்று மாணவரிடையே பெயர் பெற்றார். அங்கு அவர் பாடம் கேட்டவர்களுள் யோகன்னஸ் கியோர்கி என்னும் இளைஞரும் ஒருவர். இருபது ஆண்டுகள் கழித்துப் பனியின் நடுவே இப்பெயர் மீண்டும் வரும்.

வளிமண்டலத்தின் வெப்ப இயக்கவியல் பற்றி வெக்னர் 1911இல் வெளியிட்ட நூலில், மழை பற்றிய நெடுநாள் புதிர் ஒன்றுக்கு விடை தொடங்குகிறது. மேகத்திலுள்ள நீர்த்துளிகள் மிக நுண்ணியவை. அவை விழும் அளவுக்குப் பெருப்பது எப்படி? சுழியத்திற்குக் கீழே குளிர்ந்த மேகங்களிலும் நீர் பெரும்பாலும் உறையாமல் துளிகளாகவே இருக்கிறது. அத்துளிகளின் நடுவே சில பனிப்படிகங்கள் தோன்றினால், ஒரே வெப்பநிலையில் நீரைவிடப் பனியின்மீது ஆவி எளிதில் படியும் என்பதால், துளிகள் ஆவியாகி வற்ற, படிகங்கள் அவ்வாவியை உண்டு வளரும். வளர்ந்தவை கனத்து விழும். வழியில் உருகினால் மழை, உருகாவிட்டால் பனி. பின்னர் பெர்கரோன், பிண்டைசன் என்னும் இருவர் இக்கருத்தை விரித்து நிறுவினர். மூவர் பெயராலும் இந்நிகழ்வு இன்று வழங்குகிறது. நீரும் பனியும் ஒருங்கே இருக்கும் முனைப்பகுதி மேகங்களுக்குள் இன்று கயிற்றுப் பலூன்கள் ஏறுவதற்குக் காரணங்களுள் ஒன்று இப்புதிரின் எஞ்சிய பகுதிதான்.

1912இல் இரண்டு நிகழ்ந்தன. சனவரியில் பிராங்க்பர்ட்டு நகரில் நிலவியலார் கூட்டத்தில் கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்து பிரிந்தன என்னும் கருத்தை முன்வைத்தார். அவையில் வரவேற்பில்லை. அதற்காக அவர் காத்திருக்கவும் இல்லை. அதே ஆண்டு டேனிய அதிகாரி யோகன் பீட்டர் கோக்கோடு இரண்டாம் முறை கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார். ஐஸ்லாந்துக் குதிரைகளைக் கொண்டு சென்ற நால்வர் குழு அது. பனியாற்றின் விளிம்பில் முகாம் அமைக்கும் முன்னரே அப்பனியாறு உடைந்து அவர்களை விழுங்கப் பார்த்தது. கோக் பனிப்பிளவில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆயினும் பனிமீதே குளிர்காலத்தைக் கழித்து, 1913 கோடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனிவெளியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தனர். குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. மேற்குக் கரையை அடைந்தபோது உணவு தீர்ந்து, உடன்வந்த நாயையும் உண்ணும் நிலைக்கு வந்திருந்தனர். அவ்வழியே படகில் வந்த உபெர்னவிக் ஊர்ப் பாதிரியார் ஒருவர் கண்டதால் பிழைத்தனர்.

அவ்வாண்டே கோப்பனின் மகள் எல்சாவை மணந்தார். பட்டத்தின் வழியே வந்த உறவு அது. பின்னர் மூன்று பெண்மக்கள் பிறந்தனர்.

ஏற்கப்படாத நூல்

முதல் உலகப்போரில் இருமுறை காயமுற்ற வெக்னர், ஓய்வில் இருந்த காலத்தைப் பயன்படுத்திக் கண்டங்களும் கடல்களும் தோன்றியமை பற்றிய நூலை எழுதி 1915இல் வெளியிட்டார். தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவது, கடல்கடந்த நிலங்களில் ஒரே வகைத் தொல்லுயிர் எச்சங்கள் கிடைப்பது, இந்தியா உள்ளிட்ட வெப்ப நாடுகளில் பண்டைப் பனியாறுகள் விட்டுச்சென்ற தடங்கள் காணப்படுவது எனப் பல துறைச் சான்றுகளை ஒருங்கே திரட்டியிருந்தார். நிலவியலார் பலர் ஏளனம் செய்தனர். வானிலையாளர் ஒருவர் தம் எல்லைக்குள் புகுந்துவிட்டார் என்னும் சினமும் அதில் கலந்திருந்தது. ஆனால் எதிர்ப்பு முழுவதும் பொறாமையால் எழுந்ததன்று. கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் எது என்பதற்கு வெக்னர் கூறிய விடை வலுவற்றது. கிரீன்லாந்து ஐரோப்பாவைவிட்டு ஆண்டுதோறும் பல மீட்டர் விலகுவதாக அவர் கணக்கிட்டதும் தவறு. உண்மையான நகர்வு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். கருத்து சரியென்பதைக் கடலடித் தளத்தின் ஆய்வு 1960களில் நிறுவியது.

1924இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகம் வானிலையியலுக்கும் புவி இயற்பியலுக்கும் பேராசிரியர் பதவி அளித்தது. நாற்பத்து நான்காம் அகவையை நெருங்கும்போதுதான் நிலையான பதவியும் அமைதியான இல்லமும் வாய்த்தன. அத்துடன் அவர் நின்றிருக்கலாம்.

பனியின் நடுவே

கிரீன்லாந்தின் கரையோரக் காற்றைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தது. உள்நாட்டுப் பனிவிரிப்பின் நடுவில் குளிர்காலக் காற்று எப்படியிருக்கும் என்பதை அளந்தவர் எவருமில்லை. அப்பெரும் பனிமேட்டின்மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து கரையை நோக்கிப் பாய்கிறது என்பதும், வட அட்லாண்டிக்கின் வானிலையை அது பாதிக்கிறது என்பதும் கருத்துகளாக மட்டுமே இருந்தன. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வானூர்தி விட எண்ணியவர்களுக்கும் அவ்விடைகள் தேவைப்பட்டன. வெக்னரின் திட்டம் எளியது. ஏறத்தாழ 71ஆம் அகலக்கோட்டில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, நடுவே ஒன்று என மூன்று நிலையங்கள். மூன்றிலும் ஓராண்டு முழுவதும் ஒரே காலத்தில் அளவீடு. மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே, 3000 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டிய நடுநிலையத்துக்கு ஐஸ்மிட்டே என்று பெயர். பனிநடு என்பது அதன் பொருள்.

1930 வசந்தத்தில் ஏறத்தாழ நூறு டன் பொருள்களோடும் 25 ஐஸ்லாந்துக் குதிரைகளோடும் குழு வந்து சேர்ந்தது. கரையில் கடற்பனி உருகாமல் பல வாரங்கள் வழிமறித்தது. தொடக்கத்தில் இழந்த அந்நாள்களை இறுதிவரை ஈடுசெய்ய முடியவில்லை. வானூர்திப் பொறியும் பின்புறம் சுழல்விசிறியும் பொருத்திய இரு சறுக்குவண்டிகளைப் பின்லாந்திலிருந்து வெக்னர் வருவித்திருந்தார். நாய்களின் உழைப்பைப் பொறிகள் ஏற்கும் என்பது அவர் நம்பிக்கை. இலையுதிர்காலப் புதுப்பனியில் அவை புதைந்து நின்றுவிட்டன; அவ்வாண்டில் ஐஸ்மிட்டேயை எட்டவில்லை.

நடுநிலையத்தில் சூலை முதல் கியோர்கி இருந்தார். பின்னர் எர்ன்ஸ்ட் சோர்கே வந்து சேர்ந்தார். குடியிருக்க வேண்டிய மரவீடும், வானொலிக் கருவியும், போதிய எரிபொருளும் வரவில்லை. அக்டோபர் 20ஆம் நாளுக்குள் எரிபொருள் வராவிட்டால் கைவண்டியை இழுத்துக்கொண்டு கால்நடையாகவே மேற்கே புறப்படுவதாக இருவரும் எழுதியனுப்பினர். குளிர்காலத் தொடக்கத்தில் அத்தகைய நடை சாவுக்கே இட்டுச் செல்லும் என்பதை வெக்னர் அறிவார். செப்டம்பர் 21ஆம் நாள் வானிலையாளர் பிரிட்ஸ் லோவேயும் கிரீன்லாந்தினர் 13 பேரும் உடன்வர, 15 நாய்வண்டிகளோடு அவர் புறப்பட்டார்.

பனிப்புயலும் ஆழ்ந்த புதுப்பனியும் வேகத்தைக் குலைத்தன. கிரீன்லாந்தினருள் பன்னிருவர் இரு பிரிவுகளாகத் திரும்பிச் சென்றனர். அது கோழைத்தனமன்று, அந்நிலத்தின் குளிர்காலத்தைப் பிறந்தது முதல் அறிந்தவர்களின் தெளிவு. ராஸ்முஸ் வில்லும்சென் என்னும் இருபத்து மூன்று அகவை இளைஞர் மட்டும் உடன்வந்தார். ஏற்றிவந்த சுமை பெரும்பாலும் வழியிலேயே இறக்கப்பட்டது. சுழியத்திற்குக் கீழ் 50 பாகையையும் தாண்டிய குளிரில், நாற்பது நாள் பயணத்திற்குப்பின், அக்டோபர் 30ஆம் நாள் மூவரும் ஐஸ்மிட்டேயை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் உறைந்து செத்திருந்தன.

அங்கு அவர்கள் கண்டது எதிர்பாராதது. கியோர்கியும் சோர்கேயும் புறப்படவில்லை. மரவீட்டுக்கு மாற்றாக இறுகிய பழம்பனிக்குள் குகை வெட்டிக் குடியேறியிருந்தனர். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் குகைக்குள் குளிர் தாங்கத்தக்கதாக இருந்தது. விளக்கெண்ணெயை அளந்து எரித்தால் குளிர்காலத்தைக் கடந்துவிடலாம் என்று கணக்கிட்டு, வேளை தவறாமல் வானிலையைக் குறித்துக்கொண்டிருந்தனர். எவரைக் காக்க வெக்னர் நாற்பது நாள் போராடி வந்தாரோ அவர்கள் தம்மைத்தாமே காத்துக்கொண்டிருந்தனர். வானொலி ஒன்று அங்கு இருந்திருந்தால் அப்பயணமே தேவைப்பட்டிராது.

குகையிலிருந்த உணவு ஐவருக்குப் போதாது. லோவேயால் நடக்க இயலாது. பின்னர் பேனாக்கத்தியைக் கொண்டு அவருடைய விரல்களைத் தோழர்கள் அகற்ற நேர்ந்தது. ஆகவே நவம்பர் 1ஆம் நாள், தம் ஐம்பதாம் பிறந்தநாளில், வில்லும்சென்னோடும் 17 நாய்களோடும் வெக்னர் மேற்கே புறப்பட்டார். நாய்கள் குறைந்தமையால் ஒரு வண்டியை வழியில் கைவிட்டு, இளைஞர் வண்டியோட்ட, வெக்னர் சறுக்குக் கட்டைகளில் தொடர்ந்து சென்றதைப் பிற்பாடு கிடைத்த தடயங்கள் காட்டின.

மேற்கு நிலையத்தில் இருந்தவர்கள் தலைவர் ஐஸ்மிட்டேயிலேயே தங்கிவிட்டார் என்று எண்ணினர். ஐஸ்மிட்டேயில் இருந்தவர்கள் அவர் மேற்கே சேர்ந்துவிட்டார் என்று எண்ணினர். குளிர்காலம் முழுவதும் இரு தரப்பினரும் கவலையின்றி அளவெடுத்தனர். 1931 மே மாதத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து சென்ற குழு ஐஸ்மிட்டேயை அடைந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

மே 12ஆம் நாள், வழியின் நடுப்பகுதியில் நட்டுவைத்த இரு சறுக்குக் கட்டைகளின் கீழே பனியைத் தோண்டினர். கலைமான் தோலும் உறங்குபையும் விரித்து, இரண்டு பை உறைகளுக்குள் வைத்துத் தைத்து, வெக்னரின் உடல் ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தது. குளிரால் மாண்டதற்கான அடையாளமில்லை. மிகுந்த உழைப்பால் இதயம் நின்றிருக்க வேண்டும் என்று கருதினர். அந்தக் கடுங்குளிரில் ஊசியெடுத்துத் தைத்தவர் வில்லும்சென். கல்லறையை எளிதில் காணும்படி கட்டைகளை நட்டவரும் அவரே. தலைவரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அங்கிருந்து அவர் மேற்கே சென்றிருக்கிறார். சிறிது தொலைவு வரை அவர் தங்கிய இடங்களின் தடம் கிடைத்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

எஞ்சிய அளவுகள்

அண்ணன் கூர்ட் தலைமையேற்று ஆய்வை முடித்துவைத்தார். பனிவிரிப்பின் நடுவில் ஓராண்டு முழுவதும் எடுத்த முதல் வானிலைப் பதிவு உலகுக்குக் கிடைத்தது. சுழியத்திற்குக் கீழ் 64 பாகையையும் கடந்த குளிர் அதில் பதிவாகியிருந்தது. கியோர்கி பலூன்களை ஏற்றி மேற்காற்றின் போக்கைத் தொடர்ந்தார். சோர்கே பனிக்குள் 15 மீட்டர் ஆழக் குழி தோண்டி, ஆண்டுதோறும் விழும் பனி இறுகும் முறையைக் கண்டார். அது அவர் பெயரால் ஒரு விதியாயிற்று. வெடிவைத்து எதிரொலி கேட்டுப் பனியின் தடிமனை அளந்தபோது அது நடுவில் இரண்டரைக் கிலோமீட்டரையும் விஞ்சுவது தெரிந்தது. விரல்களை இழந்த லோவே, நாசியர் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலியாவின் முதல் வானிலையியல் துறையைத் தோற்றுவித்தார்.

இன்று முனைப்பகுதிக் காற்றை அளக்க எவரும் நாற்பது நாள் நடப்பதில்லை. ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நீ–ஓலசுண்டில், 2008இல் தொடங்கிய இந்தியாவின் இமாத்ரி ஆய்வு நிலையமும் இருக்கும் அதே சிற்றூரில், வெக்னர் பெயர் தாங்கிய நிறுவனம் பிரெஞ்சுக்காரரோடு இணைந்து நாள்தோறும் பலூன் விடுகிறது. கருவி ஏறும்போதே அளவுகள் வானொலி வழியே வந்துவிடுகின்றன. அதைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. பலூன் காற்று போகும் வழியில் போகும். ஆளில்லா வானூர்தியோ வேண்டிய உயரத்தில் வேண்டிய இடத்தில் மீண்டும் மீண்டும் பறக்கும். கடற்பனியின் பிளவுகளுக்கு மேல் எழும் வெப்பத்தை மனிதர் காலடி படாமலே அது அளந்து வருகிறது. தொல்லைகள் மட்டும் பழையவைதாம். குளிரில் மின்கலம் விரைவில் தளர்கிறது. சுழல்விசிறியில் உறைபனி படிகிறது. காந்தமுனையை நெருங்க நெருங்கத் திசைகாட்டி தடுமாறுகிறது. வானூர்தியை இயக்குபவர் இன்றும் கையுறையைக் கழற்றித்தான் சிறு திருகாணிகளை முடுக்குகிறார்.

வெக்னரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர எல்சா விரும்பவில்லை. கண்டெடுத்த இடத்திலேயே பனிக்கட்டிகளை அடுக்கிக் கல்லறை எழுப்பினர். அதன்மேல் ஆண்டுதோறும் விழுந்த பனியில் அது ஆழ்ந்துவிட்டது. பனிவிரிப்போடு சேர்ந்து மேற்குக் கரையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. ராஸ்முஸ் வில்லும்சென்னின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வெக்னரின் கடைசி நாள்களைச் சொல்லக்கூடிய நாட்குறிப்பு அவரோடு பனிக்குள் இருக்கிறது.